மயில் அறை: ஒரு சாப்பாட்டு அறையில் நடந்த சண்டை

வீட்டு உள் அலங்காரம் செய்பவர்கள் "கதம்ப பாணி" என்று ஒன்றைச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் எக்லெக்டிக். ஒரே நாட்டுப் பொருள், ஒரே காலத்துப் பொருள் என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளாமல், பல ஊர், பல காலப் பொருட்களை ஒரே அறையில் சேர்த்து வைப்பது. பூக்கடைக் கதம்பம் மாதிரிதான். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து எல்லாம் தனித்தனியாக அழகு. ஆனால் கட்டுகிற நார் சரியாக இல்லை என்றால் எல்லாம் உதிர்ந்துவிடும்.

இந்தப் பாணிக்கு உலகத்திலேயே பிரபலமான உதாரணங்களில் ஒன்று, இப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் ஒரு மியூசியத்துக்குள் இருக்கிறது. பெயர் "மயில் அறை". ஆனால் அது மியூசியத்துக்காகக் கட்டிய அறை இல்லை. லண்டனில் ஒரு பணக்காரர் தன் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காகச் செய்யச் சொன்ன அறை. அதை அலங்கரிக்கப் போய் ஒரு நட்பு முறிந்தது, ஒரு ஓவியர் திவாலானார், முதலில் அந்த அறையை வடிவமைத்தவரின் பெயரே ஏறக்குறைய மறைந்து போனது. "வீட்டுக்காரர் கேட்டது என்ன, டிசைனர் செய்தது என்ன" என்று இன்றைக்கும் நடக்கிற சண்டைகளுக்கெல்லாம் இதுதான் தாத்தா!

வீட்டுக்காரர்

ஃபிரெடரிக் ரிச்சர்ட்ஸ் லேலண்ட் 1831-ல் பிறந்தவர். லிவர்பூலில் பிபி என்ற குடும்பத்தின் கப்பல் கம்பெனியில் எடுபிடி வேலையில் சேர்ந்து, படிப்படியாக மேலே வந்து, கடைசியில் அந்தக் கம்பெனியையே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டவர். 1873-ல் அது "லேலண்ட் லைன்" ஆனது. கணக்கு வழக்கில் கறார். யாரிடமும் எளிதில் சிரித்துப் பேசாதவர் என்று பெயர். மடிப்பு மடிப்பாகச் சுருக்கம் வைத்த சட்டை போடுவது அவர் வழக்கம். (இந்தச் சட்டையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.)

இவ்வளவு கறாரான மனிதருக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று பியானோ, இன்னொன்று ஓவியம். ரோசெட்டி, பர்ன்-ஜோன்ஸ் போன்ற சமகால ஓவியர்களிடம் படங்கள் வாங்கினார். இத்தாலியப் பழைய ஓவியர் போட்டிசெல்லியின் படங்களும் அவரிடம் இருந்தன. 1870-களின் நடுவில் லண்டன் ஹைட் பார்க் அருகே பிரின்ஸஸ் கேட் தெருவில் 49-ம் எண் வீட்டை எடுத்தார். வெளியில் இருந்து பார்த்தால் வரிசையில் நிற்கிற மற்ற வீடுகள் மாதிரிதான் அதுவும். உள்ளே மட்டும் பழைய வெனிஸ் நகரத்து வியாபாரிகளின் மாளிகை மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இந்த ஆசைக்குக் காரணம் உண்டு. அந்தக் கால இங்கிலாந்தில் பரம்பரைப் பிரபுக்களுக்குத் தாத்தா காலத்து வீடு, தாத்தா காலத்து மேஜை, தாத்தா காலத்துப் படம் எல்லாம் தானாகவே கிடைத்துவிடும். கப்பலிலும் ஆலையிலும் சம்பாதித்த புதுப் பணக்காரர்களுக்கு அதெல்லாம் கிடையாது. அவர்கள் கடந்த காலத்தையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்! சாரிங் கிராஸில் இருந்த நார்தம்பர்லாண்ட் ஹவுஸ் என்ற பழைய பிரபு மாளிகையை 1874-ல் இடித்தார்கள். அதன் படிக்கட்டைக் கொண்டு வந்து தன் வீட்டு ஹாலில் பொருத்திக்கொண்டார் லேலண்ட். கதம்ப பாணி அன்று அவ்வளவு பிரபலமானதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை, இதுவும் ஒரு காரணம்.

முதல் டிசைனர்

வீட்டு வேலைகளுக்கு நார்மன் ஷா என்ற பெரிய கட்டிடக் கலைஞர் இருந்தார். ஆனால் சாப்பாட்டு அறை மட்டும் வேறொருவர் கைக்குப் போனது. அவர் பெயர் தாமஸ் ஜெக்கில். 1827-ல் பிறந்தவர், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதிக்காரர். வார்ப்பு இரும்பில் அழகான கணப்பு அடுப்புகள், வேலிக் கம்பிகள் வடிவமைத்தவர். ஜப்பானியப் பாணியை ஆங்கிலேய வீடுகளுக்குள் கொண்டு வந்த முக்கியமானவர்களில் ஒருவர்.

ஜெக்கிலிடம் கேட்கப்பட்டது எளிமையான விஷயம். லேலண்டிடம் சீனாவின் நீல-வெள்ளைப் பீங்கான் சாமான்கள் நிறைய இருந்தன. பெரும்பாலும் காங்ஷி பேரரசர் காலத்தவை (1662-1722). அந்த நாட்களில் லண்டனில் இந்தப் பீங்கான்களுக்குப் பெரிய கிராக்கி. ஜாடி வாங்குவதில் ஓவியர்களும் பணக்காரர்களும் போட்டி போட்டார்கள். அந்த ஜாடிகளை எல்லாம் அடுக்கி வைத்து, அவற்றின் நடுவே உட்கார்ந்து சாப்பிட ஒரு அறை வேண்டும். அவ்வளவுதான்.

அறை ஏறக்குறைய 33 அடி நீளம், 20 அடி அகலம், 14 அடி உயரம். ஜெக்கில் அதில் என்னென்ன செய்தார் என்று பாருங்கள்:

சுவர் முழுக்க வால்நட் மரத்தில் மெல்லிய தூண்கள் நட்டு, சின்னச் சின்னத் தட்டுகள் அமைத்தார். ஜாடிக்கு ஒரு தட்டு, குவளைக்கு ஒரு தட்டு. இது ஜப்பானிய-சீன சாயல்.

தட்டுகளுக்குப் பின்னால் சுவரில் பூ வேலை செய்த பழைய தோல் ஒட்டினார். இது ஸ்பெயின் நாட்டுக் கார்டோவா பாணி. அரசி கேத்தரின் ஆஃப் அரகான் இங்கிலாந்துக்குக் கல்யாணமாகி வந்தபோது சீர்வரிசையோடு வந்த தோல் என்று ஒரு கதை உண்டு. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இந்தக் கதையை ஏற்கவில்லை. டச்சுக்காரர்கள் செய்த, இன்னும் பிந்திய காலத்துத் தோலாக இருக்கலாம் என்கிறார்கள்.

கூரையில் இங்கிலாந்தின் டியூடர் மன்னர் காலத்துப் பாணியில் மரச் சட்டங்கள் போட்டு, அதிலிருந்து எட்டு கேஸ் விளக்குகளைத் தொங்கவிட்டார்.

கணப்பு அடுப்பில், விறகைத் தாங்குவதற்குச் சூரியகாந்திப் பூ வடிவத்தில் உலோகத் தாங்கிகள்.

அடுப்புக்கு மேலே ஒரு ஓவியம். ஐரோப்பியப் பெண் ஒருத்தி ஜப்பானியக் கிமோனோ உடுத்தி நிற்கும் படம். பெயர் "பீங்கான் தேசத்து இளவரசி". லண்டனில் இருந்த கிரேக்கத் தூதரின் மகள் கிறிஸ்டினா ஸ்பார்டலி அதற்கு மாடலாக நின்றவர். வரைந்தவர் ஜேம்ஸ் மெக்நீல் விஸ்லர்.

சீனம், ஜப்பான், ஸ்பெயின், டியூடர் இங்கிலாந்து எல்லாம் ஒரே அறையில்! சரியான கதம்பம். இதைக் கட்டும் நார் எது? ஜெக்கிலைப் பொறுத்தவரை பீங்கான்தான். மரத் தட்டின் அளவு, தூணின் இடைவெளி எல்லாமே அந்த ஜாடிகளுக்காகச் செய்தது. அறை வேலை முடியும் தருவாயில் ஜெக்கில் உடல்நலம் கெட்டு விலகிவிட்டார். அங்கேதான் கதை திரும்புகிறது.

ஒரு சின்னக் கேள்வி

விஸ்லர் 1834-ல் அமெரிக்காவின் லோவல் என்ற ஊரில் பிறந்து லண்டனில் குடியேறியவர். வாய்த்துடுக்கு, நாகரிக உடை, கறுத்த சுருள் முடிக்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கற்றை. இவரைப் பல வருடங்களாக ஆதரித்து வந்தவர் லேலண்ட். லேலண்டையும் அவர் மனைவி ஃபிரான்சிஸையும் விஸ்லர் ஆளுயரப் படமாக வரைந்திருக்கிறார். லிவர்பூல் அருகே லேலண்ட் குடும்பம் வாடகைக்கு இருந்த ஸ்பீக் ஹால் என்ற பழைய மாளிகையில் மாதக்கணக்கில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார். விஸ்லரின் இரவுக் காட்சி ஓவியங்களுக்கு "நாக்டர்ன்" என்ற இசைப் பெயரைச் சொன்னதே பியானோ வாசிக்கும் லேலண்ட்தான். அந்தப் பெயருக்கு விஸ்லர் நன்றி சொல்லிக் கடிதமும் எழுதினார். அவ்வளவு நெருக்கம்.

1876-ல் விஸ்லர் அதே வீட்டில் படிக்கட்டுப் பகுதியை அலங்கரித்துக்கொண்டு இருந்தார். சாப்பாட்டு அறையின் கதவுகளுக்கும் ஜன்னல் பலகைகளுக்கும் என்ன நிறம் அடிக்கலாம் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டார்கள். கேட்டது இவ்வளவுதான்.

அறையைப் பார்த்த விஸ்லருக்குத் தோலில் இருந்த சிவப்புப் பூக்கள் உறுத்தின. தன் "இளவரசி" படத்தின் நிறங்களை அவை கெடுக்கின்றன என்றார். பூக்களின் மேல் கொஞ்சம் மஞ்சள் தொட்டுவிடுகிறேன், ஓரங்களில் ஒரு அலை வடிவம் போட்டுவிடுகிறேன் என்றார். லேலண்ட் சரி என்று சொல்லிவிட்டு லிவர்பூலுக்கு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. சாவி விஸ்லர் கையில்!

மஞ்சள் தொட்டதில் திருப்தி வரவில்லை. கூரை முழுக்கப் பித்தளைத் தகடு ஒட்டினார். (இதற்கு டச்சு மெட்டல் என்று பெயர். தங்க ரேக்கு மாதிரி மின்னும், விலை குறைவு.) அதன் மேல் மயில் தோகை வடிவத்தைப் பரப்பினார். ஜெக்கிலின் வால்நட் தட்டுகள், தூண்கள் அனைத்துக்கும் பொன்னிறம் பூசினார். உயரமான ஜன்னல் பலகைகளில் தோகை விரித்த பெரிய பெரிய தங்க மயில்களை வரைந்தார். செல்சீயைச் சேர்ந்த படகுக்காரர் குடும்பத்துச் சகோதரர்கள் வால்டர், ஹென்றி கிரீவ்ஸ் இருவரும் உதவியாட்கள். அந்தக் கோடை முழுவதும் வேலை நடந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்காரருக்கு முன்னால் ஊரே அறையைப் பார்த்துவிட்டது. நண்பர்கள், பத்திரிகைக்காரர்கள் என்று விஸ்லர் வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார். விக்டோரியா மகாராணியின் மகள் இளவரசி லூயிஸ் கூட வந்து பார்த்தார். லேலண்டுக்கு மட்டும், முடியும் வரை வர வேண்டாம், முழுசாக முடித்த பின் வந்து பாருங்கள் என்ற ரீதியில் கடிதம்.

கினியும் பவுண்டும்

இலையுதிர் காலத்தில் லேலண்ட் திரும்பி வந்தார். விஸ்லர் கூலியாகக் கேட்டது 2,000 கினி.

லேலண்டின் பதில் இன்றைக்கு எந்த வீட்டுக்காரரும் சொல்லக்கூடியதுதான். இவ்வளவு பெரிய வேலையை நான் சொல்லவே இல்லையே, செலவு இவ்வளவு ஆகும் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டாமா, ஜன்னல் மயில்கள் எனக்குத் தேவையில்லை, வேண்டுமானால் அந்தப் பலகைகளைக் கழற்றி எடுத்துப் போகலாம், வேறு போட்டுக்கொள்கிறேன் என்று எழுதினார்.

கடைசியில் பாதி தருவதாக முடிவானது. அதிலும் ஒரு குத்தல் இருந்தது. ஒரு பவுண்டு என்றால் 20 ஷில்லிங். ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். கினி நாணயம் அச்சடிப்பது 1814-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் டாக்டர், வக்கீல், ஓவியர் போன்றவர்களின் கட்டணத்தைக் கினியில் சொல்வதுதான் மரியாதை. தச்சருக்கும் கடைக்காரருக்கும்தான் பவுண்டுக் கணக்கு. லேலண்ட் தந்தது 1,000 கினி அல்ல, 1,000 பவுண்டு. வித்தியாசம் 50 பவுண்டுதான். ஆனால் "நீ கலைஞன் இல்லை, கூலியாள்" என்று சொன்ன மாதிரி விஸ்லருக்குச் சுட்டது.

இங்கே யார் பக்கம் நியாயம்? லேலண்ட் கருமி அல்ல. பல வருடம் விஸ்லருக்குப் பணம் கொடுத்தவர். பணம் வாங்கிக்கொண்டு முடிக்காமல் விட்ட படங்கள் கூட இருந்தன. அதே சாப்பாட்டு அறையில், "இளவரசி"க்கு எதிர்ச் சுவரில் ஒரு பெரிய இடம் காலியாக விடப்பட்டிருந்தது. லேலண்ட் கேட்டிருந்த "மூன்று பெண்கள்" என்ற படத்துக்கான இடம் அது. படம் வரவே இல்லை. இன்னொரு பக்கம், விஸ்லர் அந்த அறைக்குப் பல மாத உழைப்பைக் கொட்டியிருந்தார், அதுவும் உண்மை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான்: வேலை தொடங்கும் முன்பே பேசிக் காகிதத்தில் எழுதிய ஒரு தொகை.

சண்டைக்குப் பிறகும் வேலையை முடிக்க லேலண்ட் அனுமதித்தார். அதுதான் ஆச்சரியம். விஸ்லர் மறுபடி உள்ளே போனார். இந்த முறை அந்தப் பழைய தோல் முழுவதையும் அடர்ந்த பிரஷ்யன் நீலத்தால் மூடிவிட்டார். அரசி கொண்டு வந்ததாக வீட்டுக்காரர் பெருமைப்பட்ட தோல், பூ எதுவும் தெரியாமல் நீலத்துக்குள் மறைந்தது.

பிறகு அந்தக் காலிச் சுவர். "மூன்று பெண்கள்" வர வேண்டிய இடத்தில் சண்டை போடும் இரண்டு தங்க மயில்களை வரைந்தார். ஒரு மயில் தோகையைச் சிலுப்பிக்கொண்டு சீறுகிறது. அதன் கழுத்துப் பக்கம் வெள்ளி நிறச் சுருக்கங்கள், லேலண்டின் சட்டை! காலடியில் சிதறிக் கிடக்கும் வெள்ளிக் காசுகள், அவர் கொடுக்காத ஷில்லிங்குகள்! எதிரே ஒதுங்கி நிற்கும் மயிலின் தலையில் ஒற்றை வெள்ளிக் கொண்டை, அது விஸ்லரின் வெள்ளை முடிக்கற்றை. இந்தச் சுவருக்கு அவர் வைத்த பெயர் "கலையும் பணமும், அல்லது இந்த அறையின் கதை".

1877 பிப்ரவரியில் பத்திரிகைகளுக்காக ஒரு துண்டுப் பிரசுரமே அச்சடித்துக் கொடுத்தார். அறைக்கு அவர் சூட்டிய முழுப் பெயர் "நீலமும் பொன்னும் இசைந்த மயில் அறை" என்ற பொருள் தருவது. மார்ச் மாதம் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை.

மூன்று பேரும் என்ன ஆனார்கள்?

உறவு அதோடு நிற்கவில்லை. அதே 1877-ல், தன் மனைவியோடு விஸ்லரை எங்காவது கண்டால் சவுக்கால் அடிப்பேன் என்ற அளவுக்கு லேலண்ட் கடிதம் எழுதினார். (கணவனும் மனைவியும் 1879-ல் பிரிந்தார்கள்.) அதே ஆண்டில் ரஸ்கின் என்ற புகழ் பெற்ற விமர்சகர் விஸ்லரின் ஒரு "நாக்டர்ன்" படத்தை மோசமாகத் திட்டி எழுத, விஸ்லர் மானநஷ்ட வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் தீர்ப்பு. வழக்கில் ஜெயித்தார், நஷ்ட ஈடு ஒரு ஃபார்திங். அதாவது ஒரு பென்னியில் கால் பங்கு! வழக்குச் செலவும் தலையில் விழுந்தது. கூடவே செல்சீயில் "வெள்ளை வீடு" என்று புது வீடு கட்டிய கடன். 1879-ல் திவாலானார். கடன்காரர் பட்டியலில் முக்கியமான ஒரு பெயர் லேலண்ட்.

வீடு கை மாறும் முன் விஸ்லர் ஒரு கேலி ஓவியம் வரைந்தார். உடம்பெல்லாம் பொன் செதிலோடு, மயிலும் மனிதனும் கலந்த ஒரு உருவம் பியானோ வாசிக்கிறது. உட்கார்ந்திருப்பது ஸ்டூலில் இல்லை, விஸ்லரின் வெள்ளை வீட்டின் மேல். சுருக்கம் வைத்த சட்டையும் இருக்கிறது. "பொற்சிரங்கு" என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தப் படம் இப்போது சான் ஃபிரான்சிஸ்கோவில் இருக்கிறது. ஒரு காலத்தில் "நாக்டர்ன்" என்ற பெயரைத் தந்த அதே பியானோவை இப்படித்தான் விஸ்லர் திருப்பிக் கொடுத்தார்.

ஜெக்கில்தான் பாவம். அவர் மனநலம் பாதிக்கப்பட்டு, நார்விச் மனநல மருத்துவமனையில் 1881-ல் இறந்தார். தன் அறையை விஸ்லர் மாற்றியதைப் பார்த்த அதிர்ச்சியில்தான் அவருக்குப் புத்தி பேதலித்தது என்று ஒரு கதை பல புத்தகங்களில் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கும் கதை, ஆனால் நம்ப வேண்டியதில்லை. சாப்பாட்டு அறையிலிருந்து அவர் விலகியதே உடல்நலம் கெட்டதால்தான். மன நோய்க்கு இப்படி ஒரு நாடகத்தனமான ஒற்றைக் காரணம் தேடுவது சரியும் இல்லை. விஸ்லரும் 1876-ல் ஒரு பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், தன் வேலையில் நல்லது ஏதாவது இருந்தால் அதற்கு ஜெக்கில் வடிவமைத்த அழகான கோடுகளும் காரணம் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் ஊர் அந்தக் கடிதத்தை மறந்துவிட்டது, மயிலை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டது.

லேலண்ட் என்ன செய்தார்? கோபத்தில் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்திருக்கலாம். ஜன்னல் பலகைகளை மாற்றியிருக்கலாம். குறைந்தபட்சம் தன்னைக் கேலி செய்த அந்த மயில் சண்டைச் சுவரையாவது வெள்ளையடித்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. தட்டுகளில் பீங்கான்களை அடுக்கி, அந்த அறையிலேயே சாப்பிட்டார். 1892-ல் லண்டன் சுரங்க ரயிலில் பயணம் செய்யும்போது இறக்கும் வரை, ஏறக்குறைய 15 வருடம், தன்னைத் திட்டும் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்! கறார்க்காரர் என்று பெயர் எடுத்தவரின் ரசனைக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அறை கடல் கடந்தது

லேலண்ட் இறந்த பிறகு பீங்கான்கள் ஏலம் போயின. வீடு கை மாறியது. "இளவரசி" படமும் தனியாகப் பிரிந்தது. 1903-ல் அதை வாங்கியவர் சார்லஸ் லாங் ஃபிரீயர். அமெரிக்காவில் ரயில் பெட்டி தயாரிப்பில் சம்பாதித்தவர், விஸ்லரின் நண்பர். அதே ஆண்டு விஸ்லர் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, 1904-ல், மயில் அறையே விலைக்கு வந்தது.

ஃபிரீயருக்கு ஆரம்பத்தில் அந்த அறை மேல் பெரிய ஆசை இல்லை. அவருக்குப் பிடித்தது அமைதியான, அடக்கமான வேலைப்பாடுகள். மயில் அறையில் அடக்கம் எங்கே இருக்கிறது? ஆனாலும் நண்பரின் படைப்பு சிதறிவிடக் கூடாது என்ற கடமை உணர்ச்சியில் வாங்கினார். கூரை, சுவர், தட்டு, ஜன்னல் பலகை எல்லாவற்றையும் கழற்றிக் கப்பலில் ஏற்றி, டெட்ராய்ட் நகரில் தன் வீட்டோடு சேர்த்துக் கட்டிய புது அறையில் பொருத்தினார்.

இங்கே அறை இன்னொரு முறை மாறியது. நீல-வெள்ளைப் பீங்கான் ஃபிரீயருக்குப் பிடிக்காது. அவர் சேகரித்தவை ஈரான், சிரியா, ஜப்பான், கொரியா, சீனா என்று பல ஊர்களின் மண்பாண்டங்கள். பச்சை, பழுப்பு, மங்கிய நீலம் என்று மெல்லிய நிறங்கள், சொரசொரப்பான மேற்பரப்பு. அவற்றை ஜெக்கிலின் தட்டுகளில் அடுக்கினார். லேலண்டின் ஆடம்பர அறையே இப்போது வேறு குணத்தோடு தெரிந்தது. பூவை மாற்றினால் கதம்பமும் மாறிவிடும் அல்லவா!

1919-ல் ஃபிரீயர் இறந்தார். தன் சேகரிப்பை அமெரிக்க மக்களுக்கே கொடுப்பதாக முன்பே எழுதி வைத்திருந்தார். 1923-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பகுதியாக ஃபிரீயர் கலைக்கூடம் திறந்தபோது, மயில் அறை மூன்றாவது முறையாகப் பொருத்தப்பட்டது. (சோழர் காலச் செம்பியன் மாதேவி சிலை என்று புகழ் பெற்ற வெண்கலச் சிலை, 1929-ல் வாங்கப்பட்டு, இதே மியூசியத்தில்தான் இருக்கிறது.)

பிற்காலத்தில் மேலே படிந்த அழுக்கையும் பழுதுபார்த்தபோது பூசிய பெயின்ட்டையும் நீக்கும் பெரிய வேலை 1989 முதல் 1992 வரை நடந்தது. 2011-ல் ஃபிரீயரின் டெட்ராய்ட் காலத்துப் புகைப்படங்களைப் பார்த்து, அவர் அடுக்கிய மாதிரியே பாண்டங்களை அடுக்கிக் காட்டினார்கள். 2019-ல் லேலண்ட் காலத்து மாதிரி நீல-வெள்ளைப் பீங்கான்களை அடுக்கிக் காட்டினார்கள். சுவர் ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான். ஆனால் இரண்டும் வேறு வேறு அறைகள்.

சரி, அந்த அறை யாருடையது?

இந்தக் கேள்விக்குப் புத்தகங்கள் பொதுவாகச் சொல்லும் பதில், விஸ்லர். அறையின் பெயரோடு ஒட்டிக்கொண்டதும் அவர் பெயர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். தட்டும் கூரையும் ஜெக்கில் செய்தவை. அவற்றின் கோடுகள் இல்லை என்றால் விஸ்லரின் பொன்னிறம் ஒட்டிக்கொள்ள இடமே இல்லை. தோலும் பீங்கானும் லேலண்டின் பணம், லேலண்டின் தேர்வு. கோபத்தில் இடிக்காமல் விட்டதும் அவர்தான். சீனத்தில் ஜாடி வனைந்த குயவர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது. கடல் தாண்டிக் காப்பாற்றியது ஃபிரீயர்.

கதம்ப பாணியின் சிக்கலே இதுதான். பல கைகள் சேராமல் அது உருவாகாது. ஆனால் பல கைகள் சேரும்போது கடைசியாகத் தொட்ட கைதான் வெளியில் தெரியும். கூரையும் தட்டும் முழுசாகப் பொன்னிறமாகிவிட்டால், அடியில் இருப்பது வால்நட் மரம் என்று யார் நினைத்துப் பார்ப்பார்கள்?

வீட்டு அலங்கார வேலைக்கு இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கலாம். முதலாவது எல்லாரும் சொல்வது: செலவையும் எல்லையையும் முதலிலேயே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். "கொஞ்சம் மஞ்சள் தொடுகிறேன்" என்பது எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாவது அவ்வளவாக யாரும் சொல்லாதது: ஒப்பந்தத்தை மீறிய வேலையிலும் சில சமயம் பெரிய அழகு வந்துவிடும். அப்போது அதை இடிக்காமல் இருக்க வீட்டுக்காரருக்குப் பெரிய மனசு வேண்டும். லேலண்ட் ஒரு தொகையை மறுத்தார், 50 பவுண்டைக் குறைத்தார், நண்பரை வாசலோடு நிறுத்தினார். ஆனால் மயில் மேல் ஒரு கீறல் கூட விழவிடவில்லை.

அந்த இரண்டு மயில்களும் இன்னும் வாஷிங்டனில் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. சண்டை போட்ட இருவரும் போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. எதிர்ச் சுவரில் "இளவரசி" மட்டும் அமைதியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.